மூச்சும் இரத்தமும் சொல்லும் சாட்சி: சித்தேரி மலை வாகன ஓட்டிகளுக்கு ஒரு திறந்த மடல்

சித்தேரி மலையிலும் அதன் சிற்றூர்களிலும் ஜீப்பும், சரக்கு வண்டியும், டிராக்டரும், மோட்டார் சைக்கிளும் ஓட்டிப் பிழைக்கிற சகோதரர்களுக்கும், அவ்வண்டிகளில் ஏறி அரூருக்கும் பாப்பிரெட்டிப்பட்டிக்கும் போய்வருகிற தாய்மார்களுக்கும், ஊர்க் கவுண்டர்களாகிய பெரியவர்களுக்கும்:

குடித்துவிட்டு வண்டி ஓட்டுவது பற்றிய சட்டம் சமீப வருஷங்களில் பெரிதும் மாறியிருக்கிறது. அந்த மாறுதல்கள் உங்கள் மலைக்கு எந்த ரூபத்தில் வந்து சேர்ந்தன என்று விசாரித்தால், "பிடித்தால் பத்தாயிரம்" என்ற பேச்சாகவே வந்து சேர்ந்திருப்பதைக் காண்கிறேன். அபராதத்தின் தொகை தெரிந்திருக்கிறது. எந்தக் குற்றத்துக்காக அந்த அபராதம், அக்குற்றம் எவ்வளவு மதுவில் தொடங்குகிறது, அதை யார், எந்தக் கருவியால், எத்தனை நேரத்துக்குள் நிரூபிக்க வேண்டும், அந்தச் சமயத்தில் வண்டியோட்டிக்கு உள்ள கடமை எது, பாதுகாப்பு எது என்பவையெல்லாம் தெரிந்தபாடில்லை. கீழ்நாட்டிலிருந்து மலைக்கு இதுகாறும் உபதேசங்கள் நிறைய ஏறி வந்திருக்கின்றன, விளக்கங்கள் குறைவாகவே வந்திருக்கின்றன. மலையடிவாரத்தில் வசித்து, உங்கள் பாதைகளில் நடந்தும் வண்டியேறியும் பழகியவன் என்ற உரிமையில் அந்த விளக்கத்தை என்னால் இயன்றவரை இங்கே எழுதுகிறேன்.

மதுவுக்கும் சட்டத்துக்கும் உள்ள சம்பந்தம் உங்கள் மண்ணில் மிகப் பழையது. சென்னை மாகாணத்தின் பிரதமராக இருந்த ராஜாஜி, 1937ஆம் வருஷம் அக்டோபர் 1ஆம் தேதி மதுவிலக்கை முதன்முதலாக அமல் செய்தது சேலம் ஜில்லாவில். தர்மபுரி தனி மாவட்டமாகப் பிரிந்தது 1965ஆம் வருஷம் அக்டோபர் 2ஆம் தேதிதான் ஆகையால், சித்தேரி மலையும் அப்பொழுது அந்த ஜில்லாவைச் சேர்ந்ததாகவே இருந்தது. கள்ளுக்கடை வருமானம் போனதை ஈடுசெய்ய 1939இல் விற்பனை வரி வந்தது. 1948க்குள் மாகாணம் முழுவதும் மதுவிலக்குப் பரவியது. 1971இல் அது தளர்த்தப்பட்டது. பின்னர் பல மாறுதல்களுக்குப் பிறகு, 2003ஆம் வருஷம் நவம்பர் முதல் சில்லறை மது விற்பனையை அரசாங்கத்தின் டாஸ்மாக் நிறுவனமே ஏற்று நடத்தி வருகிறது. உங்கள் பாட்டன்மார் காலத்துச் சட்டம் ஒரு மனிதனைப் பார்த்து "நீ குடித்தாயா?" என்று கேட்டது. இன்றைய சட்டம் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை, "குடித்த நிலையில் வண்டியைத் தொட்டாயா?" என்று மாத்திரம் கேட்கிறது. குடிக்கிற மனிதனை அது தண்டிக்கவில்லை என்பதனாலேயே, வண்டியைத் தொடுகிற மனிதனிடம் அது அதிகக் கண்டிப்பாக இருக்க நேர்கிறது. அந்தக் கண்டிப்பு நியாயமானது என்றே நான் உறுதியாக நம்புகிறேன்.

சட்டம் இந்த இடத்துக்கு ஒரே எட்டில் வந்து சேரவில்லை. 1939ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம், வண்டியைச் சரிவரக் கட்டுப்படுத்த இயலாத அளவுக்கு ஒருவன் போதையில் இருந்தால்தான் குற்றம் என்று சொல்லியது. அந்த அளவு எது என்பதை மனிதர்களின் கண்ணுக்கும் மூக்குக்கும் விட்டுவிட்டது. 1988ஆம் வருஷத்துச் சட்டம் எதிர்க்கோடிக்குச் சென்று, இரத்தத்தில் எவ்வளவு சொற்பமாக மது இருந்தாலும் குற்றம் என்றது. 1994இல் வந்த திருத்தம் இவ்விரண்டுக்கும் இடையில் ஓர் எண்ணை வைத்தது: மூச்சுச் சோதனைக் கருவியில் கண்டறியப்படும் அளவு, 100 மில்லிலிட்டர் இரத்தத்துக்கு 30 மில்லிகிராம் ஆல்கஹாலுக்கு மேற்பட்டிருந்தால் 185ஆம் பிரிவின்படி குற்றம். 2019ஆம் வருஷம் செப்டம்பர் 1ஆம் தேதி அமலுக்கு வந்த திருத்தம் அந்த எண்ணை அப்படியே வைத்துக்கொண்டு, சுற்றிலும் பலவற்றை மாற்றியது. முதற்குற்றத்துக்கு 2,000 ரூபாய் வரையில் இருந்த அபராதம் 10,000 ஆயிற்று. அதோடு, அல்லது அதற்குப் பதிலாக, ஆறு மாதம் வரையில் சிறை. மறுபடியும் அதே குற்றத்தைச் செய்தால் 15,000 ரூபாய், இரண்டு வருஷம் வரையில் சிறை. மூச்சுக் கருவி ஒன்றையே பிரமாணமாகக் கொண்டிருந்த இடத்தில், ஆய்வுக்கூடச் சோதனை உள்ளிட்ட வேறு எந்தச் சோதனையும் செல்லும் என்ற சொற்கள் சேர்ந்தன. போதைப்பொருள் என்பதற்கு முன்பிருந்த குறுகிய அர்த்தம் போய், மதுவைத் தவிர்த்த மற்ற எல்லா மயக்கப் பொருள்களும், இயற்கையானவையும் செயற்கையானவையும், அதில் அடங்கின. ஓட்டுநர் உரிமத்தைப் போலீஸ் அதிகாரி கைப்பற்றி, தகுதிநீக்கத்துக்காக உரிமம் வழங்கும் அதிகாரிக்கு அனுப்புவதும் கட்டாயமாயிற்று. சரக்கு வண்டி ஓட்டிப் பிழைக்கிறவனுக்கு அபராதத்தைவிட இந்தக் கடைசி மாறுதலே பெரிய அடி என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

இந்த 30 என்ற எண்ணைப் பலர் எளிய மனிதனை வதைக்க வந்த எண் என்று கருதுகிறார்கள். என் அபிப்பிராயம் நேர்மாறானது; எளியவனுக்கு அதைவிடப் பெரிய துணை இந்தச் சட்டத்தில் வேறில்லை. எண் இல்லாத காலத்தில் என்ன இருந்தது? வாயில் நாற்றம் வீசியது, நடை தள்ளாடியது, பேச்சுக் குழறியது என்று ஒரு சாட்சி சொல்வதே சாட்சியமாக இருந்தது. 1971இல் பச்சுபாய் ஹசனல்லி கர்யானி என்பவரின் வழக்கில், மூச்சில் மதுவின் வாடையும், தள்ளாட்டமும், விரிந்த கண்மணிகளும் மாத்திரம் ஒருவர் குடித்திருந்தார் என்று முடிவு கட்டப் போதாது, இரத்தத்தையோ சிறுநீரையோ சோதித்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் கருதியது. களைத்துப்போன மனிதனும் தள்ளாடுவான். காக்கிச் சட்டையைக் கண்டு பயந்த மனிதனும் நாக்குழறுவான். சாமையையும் தினையையும் படியால் அளந்து கொடுத்துப் படியால் அளந்து வாங்குகிற உங்களுக்கு, கண்ணளவில் மதிப்புப் போடுகிற வியாபாரியிடம் நஷ்டப்படுகிறவன் யார் என்பதை நான் எடுத்துச் சொல்வது மிகை.

அளந்து தீர்ப்புச் சொல்லும் இந்த முறை உலகத்தில் அண்மையில் தோன்றியதும் அன்று. இரத்தத்திலுள்ள ஆல்கஹாலைச் சில துளிகளைக் கொண்டே அளக்கும் வழியை ஸ்வீடன் தேசத்து விட்மார்க் என்ற விஞ்ஞானி 1922இல் வகுத்தார். அதை ஆதாரமாகக் கொண்டு, குறிப்பிட்ட அளவைத் தாண்டினாலே குற்றம் என்ற சட்டத்தை 1936இல் நார்வே முதன்முதலாக இயற்றியது. 1954இல் அமெரிக்காவின் இண்டியானா மாகாணத்துப் போலீஸ் அதிகாரியான போர்க்கென்ஸ்டைன், சாலையோரத்திலேயே மூச்சைக்கொண்டு அளக்கத்தக்க கருவியைச் செய்தார். இங்கிலாந்து 1967இல் மூச்சுச் சோதனையைச் சட்டமாக்கி, 80 மில்லிகிராம் என்ற எல்லையை வைத்தது. நம் தேசத்தின் 30 அதைவிடக் கடுமையானது. இன்றைய நார்வேயும் ஸ்வீடனும் வைத்திருக்கும் 20 நம்முடையதைவிடக் கடுமையானது.

மூச்சுக் கருவி எப்படி வேலை செய்கிறது என்பதை ஒவ்வொரு வண்டியோட்டியும் அறிந்திருப்பது அவசியம். குடித்த மது இரத்தத்தில் கலந்து நுரையீரலை அடையும்போது, அதில் ஒரு சிறு பகுதி காற்றிலே ஆவியாகிறது; ஆழ்ந்து ஊதும் மூச்சின் 2,100 பங்கில் உள்ள ஆல்கஹால், ஒரு பங்கு இரத்தத்தில் உள்ளதற்குச் சமம் என்ற கணக்கை வைத்துக்கொண்டு கருவி எண்ணைக் காட்டுகிறது. ஆகவே கருவி நேராக இரத்தத்தைப் பார்ப்பதில்லை, மூச்சைப் பார்த்து இரத்தத்தை அனுமானிக்கிறது. வாய்க்குள் ஆல்கஹால் தங்கியிருந்தால் அந்த அனுமானம் பிசகும். 2025ஆம் வருஷம் ஜூலையில், கேரளத்துப் பந்தளத்தில் அரசுப் பேருந்துப் பணிமனையில் ஓட்டுநர்களைச் சோதித்தபோது, நன்கு பழுத்த பலாச்சுளையைத் தின்றிருந்தவர்களின் மூச்சிலும் கருவி மதுவைக் காட்டியது. தாம் குடிக்கவில்லை என்று அவர்கள் உறுதியாகச் சொன்னதன்மேல், குடிக்காத மற்றொருவருக்குச் சுளையைக் கொடுத்துச் சோதித்துப் பார்த்தே உண்மையைக் கண்டுகொண்டார்கள். பலா விளையும் மலையில் வாழ்கிற உங்களுக்கு இந்தச் செய்தி உபயோகப்படும். பழமோ, இருமல் மருந்தோ, வாய் கொப்பளிக்கும் மருந்தோ வாயில் விட்டுச்செல்லும் ஆல்கஹால் கால் மணி நேரத்துக்குள் கலைந்துவிடும். குடித்த மது கலையாது. எனவே இப்படிப்பட்ட சந்தேகம் உண்டாகும் இடத்தில், வாயை நீரால் கொப்பளித்துவிட்டுக் கால் மணி நேரம் கழித்து மறுபடி ஊத அனுமதி கேளுங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட தடவை மூச்சை எடுப்பதற்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 203ஆம் பிரிவிலேயே இடமிருக்கிறது.

உடம்பில் மது குறையும் கணக்கு நம் மனத்திலுள்ள ஒரு பெரிய தவறான நம்பிக்கையையும் தகர்க்கிறது. உடம்பு மதுவை எரித்துத் தீர்க்கும் வேகம், சராசரியாக ஒரு மணிக்கு 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 15 மில்லிகிராம் அளவில்தான். மோர் குடித்தாலும், எலுமிச்சை பிழிந்து குடித்தாலும், தலையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டாலும் அந்த வேகம் கூடுவதில்லை. இரவு 10 மணிக்குக் குடித்து நிறுத்தியபோது ஒருவன் இரத்தத்தில் 150 மில்லிகிராம் இருந்ததென்று வைத்துக்கொள்வோம். அது 30க்கு இறங்குவதற்கு எட்டு மணி நேரமாகும். உறங்கி எழுந்து, முகம் கழுவி, தெளிந்துவிட்டோம் என்ற எண்ணத்தோடு விடியற்காலை 5 மணிக்குச் சந்தைக்குச் சரக்கேற்றி மலையிலிருந்து இறங்குகிற அந்த மனிதன், சட்டத்தின் பார்வையிலும் உடம்பின் நிஜத்திலும் இன்னும் குடித்தவனே. கொண்டை ஊசி வளைவில் எதிரே வரும் வண்டியின் வெளிச்சத்தைக் கண்டு காலைப் பிரேக்கில் வைப்பதற்குள் கழிகிற ஒரு விநாடியின் பின்னத்தை, அவனுடைய உறக்கம் அவனுக்குத் திருப்பிக் கொடுத்துவிடவில்லை.

சோதனையின் படிகளைச் சொல்கிறேன். மூச்சுச் சோதனையைக் கேட்க அதிகாரம் பெற்றவர், சீருடை அணிந்த போலீஸ் அதிகாரி அல்லது அதிகாரமளிக்கப்பட்ட மோட்டார் வாகனத் துறை அதிகாரி. குடித்திருப்பதாகச் சந்தேகிக்க நியாயமான காரணம் அவருக்கு இருக்க வேண்டும். கனடா தேசம் 2018 டிசம்பரில் காரணமேயில்லாமல் எந்த ஓட்டியையும் ஊதச் சொல்லலாம் என்று சட்டத்தை மாற்றியது. நம்முடைய சட்டத்தில் அப்படிப்பட்ட வாசகம் இல்லை. கருவி மதுவைக் காட்டினால் வாரண்ட் இல்லாமல் கைது செய்யலாம். கைதான மனிதனுக்குக் காவல் நிலையத்திலும் மீண்டும் ஊத ஒரு வாய்ப்புத் தரவேண்டும். பிறகு 204ஆம் பிரிவின்படி, பதிவுபெற்ற மருத்துவர் இரத்தம் எடுத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பலாம். எடுக்கப்படுகிறவர் பெண்ணாகவும் மருத்துவர் ஆணாகவும் இருந்தால், மற்றொரு பெண்ணின் முன்னிலையில்தான் எடுக்க வேண்டும். இவற்றையெல்லாம்விட முக்கியமானது 202ஆம் பிரிவில் இருக்கிறது: 185ஆம் பிரிவின் கீழ்க் கைதானவரை, கைதான இரண்டு மணி நேரத்துக்குள் மருத்துவப் பரிசோதனைக்கு உட்படுத்த வேண்டும், தவறினால் காவலிலிருந்து விடுவிக்க வேண்டும்.

இந்த இடத்தில் உங்கள் மனத்தில் எழும் எண்ணத்தை நான் அறிவேன். உங்கள் மலையடிவாரத்து வாச்சாத்தியில் 1992ஆம் வருஷம் ஜூன் 20ஆம் தேதி, சந்தனக்கட்டைச் சோதனை என்ற பெயரில் வந்த வனத்துறை, போலீஸ், வருவாய்த் துறை ஊழியர்கள் செய்த கொடுமையை இந்த மலையில் மறந்தவர் யாருமில்லை. குற்றஞ்சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடிருந்த 215 பேரையும் தர்மபுரி நீதிமன்றம் 2011ஆம் வருஷம் செப்டம்பர் 29ஆம் தேதி குற்றவாளிகள் என்று தீர்த்தது. சரியாகப் பன்னிரண்டு வருஷம் கழித்து, 2023இல் அதே தேதியில், சென்னை உயர் நீதிமன்றம் அத்தீர்ப்பை உறுதி செய்தது. சீருடை அணிந்தவர் ஒருவர் கைகாட்டி நிறுத்தி, "ஊது" என்று சொன்னவுடன், ஒரு மலைவாசியின் உடம்பில் ஓடுகிற அச்சத்துக்கு ஆதாரமில்லை என்று சொல்ல எனக்கு நா எழாது. அந்த அச்சத்தாலேயே சிலர் வண்டியைத் திருப்பிக்கொண்டு ஓடுகிறார்கள். சிலர் ஊத மறுக்கிறார்கள். குடிக்காதவர்களும் அவர்களில் இருக்கிறார்கள் என்பதுதான் வேதனை.

மறுக்காதீர்கள். அந்த அச்சத்தை மதித்துக்கொண்டே இதைக் கேட்டுக்கொள்கிறேன். மறுப்பினால் உண்டாகும் விளைவு இரண்டு. மறுத்தவர் குடித்திருக்கிறார் என்று சந்தேகிக்க அதிகாரிக்குக் காரணம் இருந்தால், அவரைக் கைது செய்யலாம். 205ஆம் பிரிவின்படி, நியாயமான காரணமின்றி மூச்சையோ இரத்தத்தையோ தர மறுத்ததையே, அரசுத் தரப்பின் சாட்சியத்தை வலுப்படுத்தும் சந்தர்ப்பமாக நீதிமன்றம் எடுத்துக்கொள்ளலாம். தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்ல எவரையும் நிர்ப்பந்திக்கக் கூடாது என்று அரசியல் சாசனத்தின் 20ஆவது ஷரத்து சொல்கிறதே என்று படித்த இளைஞர் கேட்கலாம். உடம்பிலிருந்து எடுக்கப்படும் ஸ்தூலமான அடையாளங்கள் அந்தப் பாதுகாப்பில் அடங்கா என்பதை 1961இலேயே காத்தி காலு வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்துவிட்டது. அமெரிக்க உச்ச நீதிமன்றமும் 2016இல் இந்தப் பிரச்னையை ஆராய்ந்து, கைதானவரின் மூச்சை வாரண்ட் இல்லாமல் எடுக்கலாம், ஊசியால் உடம்பைத் துளைத்து எடுக்கும் இரத்தத்துக்குத்தான் வாரண்ட் வேண்டும் என்று பாகுபாடு செய்தது. நம் சட்டம் அவ்வளவு தூரம் போகவில்லை.

மறுப்பதற்குப் பதிலாகச் செய்யத்தக்கது, சோதனையைச் சரியாகச் செய்யும்படி மரியாதையோடும் உறுதியோடும் கேட்பது. கருவி காட்டிய எண் அச்சடித்து வருமாயின், அந்தச் சீட்டைக் கேட்டு, நேரத்தையும் எண்ணையும் பார்த்துக்கொள்ளுங்கள். எண் தவறு என்று உங்கள் மனச்சாட்சி சொன்னால், இரத்தச் சோதனைக்குச் சம்மதம் என்று அந்த இடத்திலேயே, சாட்சிகள் முன்னிலையில், முடிந்தால் எழுத்திலும் சொல்லுங்கள். இரத்தம் கேட்பது அதிகாரியின் அதிகாரம் என்றுதான் சட்டம் எழுதப்பட்டிருந்தாலும், தாமாக முன்வந்தவரின் கோரிக்கை புறக்கணிக்கப்பட்டது என்பது பின்னால் நீதிபதியின் முன் பேசும். கைதான நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பட்டியல் பழங்குடியினர் என்ற முறையில், 1987ஆம் வருஷத்துச் சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆம் பிரிவு, வருமானம் எவ்வளவாயினும் உங்களுக்கு இலவச வழக்கறிஞர் உதவியை வழங்குகிறது. தர்மபுரி மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் கதவு இதற்காகத் திறந்திருக்கிறது. அதைத் தட்டுவதில் இழிவு ஏதுமில்லை.

சோதனை நேர்மையாக நடக்கும்படி பார்த்துக்கொள்வது ஏழைக்கு மாத்திரம் வேண்டிய காரியம் என்று நினைக்க வேண்டாம். 2024ஆம் வருஷம் மே 19ஆம் தேதி அதிகாலையில், பூனா நகரத்தில், பதினேழு வயதுப் பணக்காரச் சிறுவன் ஓட்டிவந்த விலையுயர்ந்த மோட்டார் மோதி, இரண்டு இளம் பொறியாளர்கள் பிராணனை இழந்தார்கள். அச்சிறுவனின் இரத்தத்தை மாற்றி வேறொருவரின் இரத்தத்தை வைத்தார்கள் என்ற குற்றச்சாட்டின்பேரில் அரசு மருத்துவமனை மருத்துவர்களே கைதானார்கள். கருவிகள் பொய் சொல்வதைவிட, கருவிகளுக்குக் கொடுக்கப்படும் சரக்கு பொய்யாவதே அதிகத் தீமை. இரத்தம் எடுக்கும்போது தோலை ஸ்பிரிட்டால் துடைக்கக் கூடாது. துடைத்தால் அந்த ஆல்கஹாலே கணக்கில் ஏறலாம். எடுத்த இரத்தம் புளித்து ஆல்கஹால் உண்டாகாமலிருக்கச் சோடியம் புளோரைடு கலந்த குப்பியில் அடைத்து, முத்திரையிட்டு, குளிர்ந்த இடத்தில் வைக்க வேண்டும். இவை பெரிய செலவு பிடிக்கும் காரியங்கள் அல்ல. ஆனால் இவற்றில் ஒன்று தவறினாலும், குற்றவாளி தப்புவான், அல்லது நிரபராதி அகப்படுவான்.

இங்கேதான் சட்டத்தை இயற்றியவர்கள்மீது எனக்குள்ள குறையைச் சொல்ல வேண்டியிருக்கிறது. இரண்டு மணி நேரம் என்ற வரம்பு, நகரத்து வீதியை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. சித்தேரி மலைமேலிருந்து, அதுவும் மழைநாளில், ஒரு மனிதனை அரூர் மருத்துவமனைக்குக் கொண்டுவந்து, மருத்துவரைத் தேடிப் பிடித்து, இரத்தம் எடுப்பதற்குள் அந்த இரண்டு மணி நேரம் என்ன ஆகும் என்பது உங்களுக்குத் தெரியும். நோயாளிகளைத் தூளி கட்டித் தோளில் சுமந்து இறங்கிய கலசப்பாடி, அரசநத்தம் ஊர்க்காரர்களுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். அந்தத் தாமதத்தால் கெடுவது உண்மைதான். 55 மில்லிகிராம் மதுவோடு மோதியவன், இரண்டு மணி நேரத்தில் 25க்கு இறங்கிக் குற்றமற்றவனாகத் தோன்றுகிறான். அவனால் கால் முறிந்தவனோ, அவனுடைய வண்டியின் கீழ் மாண்ட குழந்தையின் தாயோ, எந்தச் சாட்சியத்தைக் கொண்டு நியாயம் கேட்பது? அபராதத்தை ஐந்து மடங்காக்கத் துணிந்த பாராளுமன்றத்தார், ஆய்வுக்கூடத்தை ஐந்து மைல் தூரமாவது மலைக்கு அருகில் கொண்டுவந்திருக்க வேண்டும். தண்டனை பெருகி, நிரூபிக்கும் சாதனம் பெருகாத இடத்தில், சட்டம் அகப்பட்டவனை நசுக்கும், அகப்படாதவனைத் தொடாது.

கஞ்சா முதலியவற்றைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மூச்சுக் கருவி அவற்றைக் காட்டாது. இரத்தத்திலோ சிறுநீரிலோதான் தேட வேண்டும். அங்கும் கஞ்சாவின் சுவடு, போதை தெளிந்து பல நாள் ஆன பின்னும் தங்கியிருக்கும். போதைப்பொருளுக்குச் சட்டம் எண் எதையும் வைக்காமல், வண்டியைக் கட்டுப்படுத்த இயலாத நிலையில் இருந்தாரா என்ற பழைய கேள்வியையே வைத்துக்கொண்டிருக்கிறது. கருவியில் அகப்படாது என்ற தைரியத்தில் இளைஞர் சிலர் மதுவை விட்டு அதற்குப் போவதாகக் கேள்விப்படுகிறேன். 2019இன் திருத்தம் அந்தத் தைரியத்துக்கு இடம் வைக்கவில்லை.

இன்ஷூரன்ஸ் விஷயத்திலும் ஒரு மாறுதல் உண்டு. டில்லியில் 2007இல் நடந்த ஒரு விபத்தைப் பற்றி 2021ஆம் வருஷம் ஏப்ரலில் தீர்ப்புச் சொன்ன உச்ச நீதிமன்றம், மூச்சுச் சோதனையோ இரத்தச் சோதனையோ நடக்காவிட்டாலும், வேறு சந்தர்ப்பங்களைக் கொண்டு ஓட்டியவர் போதையில் இருந்தார் என்று நிலைநாட்டி, வண்டியின் சேதத்துக்கான தொகையைக் கம்பெனி மறுக்கலாம் என்று கூறியது. சிறைக்கு அனுப்ப எண் வேண்டும். இழப்பீட்டை மறுக்க எண் வேண்டியதில்லை. கடன் வாங்கிச் சரக்கு வண்டி வாங்கியவர்கள் இதை இரண்டு முறை படித்துக்கொள்ள வேண்டும்.

இத்தனையும் சொன்ன பிறகு, எனக்கு உங்களிடம் மறைக்க இயலாத கவலை ஒன்று இருக்கிறது. உங்கள் மலையில் சரக்கு வண்டி என்பது சரக்கை மாத்திரம் ஏற்றுவதில்லை. பேருந்து வராத பாதைகளில், கலியாணத்துக்கும், சாவுக்கும், கூலி வேலைக்கும், பிரசவத்துக்கும் அதிலேதான் ஜனங்கள் ஏறுகிறார்கள். பின்புறத்தில் நின்றுகொண்டு, பக்கத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வருகிற இருபது பேரின் பிராணன், முன்னே உட்கார்ந்திருக்கும் ஒருவரின் தெளிவில் தங்கியிருக்கிறது. அவர்களில் பெரும்பாலோர் ஓட்டுபவர் குடித்திருக்கிறார் என்பதை அறிந்தும், வேறு வண்டி இல்லாமையால் ஏறுகிறார்கள். 2006ஆம் வருஷம் நவம்பரில் பம்பாயில், குடித்தவர் ஓட்டிய கார், நடைபாதையில் உறங்கிக்கொண்டிருந்த ஏழு கூலித் தொழிலாளர்களைக் கொன்றது. அந்த வழக்கில் 2012இல் உச்ச நீதிமன்றம், இது வெறும் அஜாக்கிரதை அன்று, மரணம் விளையக்கூடும் என்று அறிந்தே செய்த செயல் என்ற நிலையில் தண்டனையை உறுதி செய்தது. மலைப்பாதையை நன்கறிந்த உங்களைப் பார்த்து, விளைவு தெரியாமல் செய்தீர்கள் என்று எந்த நீதிபதியும் சொல்லமாட்டார்.

மனுவின் வலிமைக்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். பாட்டாளி மக்கள் கட்சியைச் சேர்ந்த வழக்கறிஞர் கே. பாலு முதலியோர் தொடுத்த வழக்கில்தான், நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று 2016ஆம் வருஷம் டிசம்பர் 15ஆம் தேதி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ஜனத்தொகை 20,000க்குட்பட்ட இடங்களுக்கு அதைப் பின்னர் 220 மீட்டராகக் குறைத்தது. தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு மனு தேசம் முழுவதும் சாலையோரக் கடைகளைப் பின்னுக்குத் தள்ளியது. ஆகவே மனு எழுதுவதால் ஆவதென்ன என்று யாரும் சொல்ல வேண்டாம்.

அடுத்த கிராம சபை கூடும் நாளில், சித்தேரி ஊராட்சி மக்கள் சேர்ந்து தீர்மானம் ஒன்றை நிறைவேற்றி, மாவட்ட ஆட்சியருக்கும், மாவட்டப் போலீஸ் கண்காணிப்பாளருக்கும், சுகாதாரத் துறை இணை இயக்குநருக்கும் அனுப்பும்படி வேண்டுகிறேன். சித்தேரி ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரவிலும் இரத்தம் எடுக்கத்தக்க மருத்துவர் ஒருவர் பொறுப்பில் இருக்க வேண்டும். சோடியம் புளோரைடு குப்பிகளும், முத்திரைப் பொருளும், குளிர்பெட்டியும் அங்கே வைக்கப்பட வேண்டும். மலையடிவாரத்தில் சோதனை நடத்தும் அதிகாரிகளின் மூச்சுக் கருவிகள் எந்தத் தேதியில் சரிபார்க்கப்பட்டன என்பதை அறிவிப்புப் பலகையில் எழுதிவைக்க வேண்டும். சந்தை நாளன்றாவது இருட்டிய பிறகு அரூரிலிருந்து மலைக்கு ஒரு பேருந்து விடவேண்டும் என்பவை அத்தீர்மானத்தில் இருக்கட்டும். அதே கூட்டத்தில், குடித்தவர் ஓட்டும் வண்டியில் பெண்களும் குழந்தைகளும் ஏறுவதில்லை என்றும், சந்தைக்குப் போகிற ஒவ்வொரு வண்டியிலும் அன்றைக்குக் குடிக்காதவர் ஒருவர் ஓட்டுவதற்கென்று இருப்பார் என்றும் ஊர்க் கவுண்டர்கள் முன்னிலையில் வாக்குக் கொடுங்கள். மனுவின் வாசகத்தை எழுதுவதற்கு உதவி வேண்டுமானால், வியாழனானாலும் ஞாயிறானாலும் எந்த நாளிலும் வரலாம். எழுதித் தருவதும், உங்களோடு தர்மபுரி வரையில் வருவதும் என் கடமை.

இங்ஙனம்,
உங்கள் மலையடிவாரத்து அன்பன்